கூண்டேறிய விஞ்ஞானம் – 9: கைக்கடிகாரத்தில் காய்ந்த ரத்தம்

சென்ற வாரம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நின்றோம். 1984 செப்டம்பரில் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ் கழுவி எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமில், ஆளுக்கு ஆள் மாறுபடும் டி.என்.ஏ. கோடுகள் தெரிந்தன. செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையனை அந்தக் கோடுகள் மீட்டன. 1988 ஜனவரியில் காலின் பிட்ச்ஃபோர்க் என்ற உண்மைக் கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை வாங்கித் தந்தன.

அதற்குள் அந்த முறை அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. 1987 நவம்பரில், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், டி.என்.ஏ. சாட்சியத்தின் பேரில் அமெரிக்காவின் முதல் தண்டனை. பிறகு மாநிலத்துக்கு மாநிலம் அரசு வழக்கறிஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள்.

புதிய அறிவியல் முறைகளைச் சாட்சியமாக ஏற்க அங்கே அப்போது நடப்பிலிருந்த அளவுகோல் மிகப் பழையது. 1923-இல், ஃப்ரை வழக்கில், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வகுத்தது. பொய்யறியும் கருவிக்கு முன்னோடியான ரத்த அழுத்தச் சோதனையை ஏற்க மறுத்தபோது அந்த நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒரு புதிய முறை சாட்சியமாக வேண்டுமானால், அந்தத் துறைக்காரர்கள் அதைப் பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

டி.என்.ஏ. விஷயத்தில் இந்த விதி எதையும் தடுக்கவில்லை. மனிதருக்கு மனிதர் டி.என்.ஏ. வேறுபடும் என்பதை எந்த உயிரியலாளர் மறுக்கப்போகிறார்? எதிர்த்துச் சாட்சி சொல்ல ஒரு நிபுணர்கூடக் கிடைக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வழக்கறிஞர்கள் கைவிரித்த வழக்குகள் உண்டு. குறுக்கு விசாரணை இல்லாமலே அறிக்கைகள் சான்றாவணமாகக் குறியிடப்பட்டன.

இந்த வாரம், அந்த மௌனம் உடைந்த கதை.

* * *

பிராங்க்ஸ், 1987

பிப்ரவரி 5. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இருபது வயதுப் பெண்ணும் அவருடைய இரண்டு வயது மகளும் வீட்டுக்குள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தார்.

உடம்பில் ரத்தத்தோடு ஒருவர் வெளியேறியதைப் பார்த்ததாக அந்தப் பெண்ணின் துணைவர் சொன்னார். போலீஸ் தேடிப்போன ஆள் ஜோசப் காஸ்ட்ரோ. அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் பழுதுபார்க்கும் வேலை செய்துவந்தவர்.

விசாரித்துக்கொண்டிருந்த துப்பறிவாளரின் பார்வை காஸ்ட்ரோவின் மணிக்கட்டில் நின்றது. கைக்கடிகாரத்தில் ஒரு சிறு கறை. காய்ந்த ரத்தம்.

“என் ரத்தம்தான்” என்பதாகக் காஸ்ட்ரோ பதில் சொன்னார்.

யாருடைய ரத்தம்? வழக்கு முழுவதும் இந்தக் கேள்வியில் வந்து நின்றது. கடிகாரம், நியூயார்க் மாநிலத்திலேயே வல்ஹாலா என்ற ஊரில் இருந்த லைஃப்கோட்ஸ் என்ற தனியார் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அமெரிக்காவில் இந்தச் சோதனையைத் தொழிலாகச் செய்த முதல் நிறுவனங்களில் ஒன்று அது.

1987 ஜூலையில் அறிக்கை வந்தது. கடிகாரத்து ரத்தமும் இறந்த தாயின் ரத்தமும் பொருந்துகின்றன என்றது. இப்படிப்பட்ட டி.என்.ஏ. அமைப்பு, அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிக் மக்களில் 18 கோடியே 92 லட்சம் பேருக்கு ஒருவரிடம்தான் இருக்கும் என்றது. சோதனையில் சிக்கல் இருந்ததாகவோ, ஏதேனும் ஓரிடத்தில் தெளிவில்லை என்றோ அறிக்கையில் ஒரு சொல் கிடையாது.

ஜூரியில் உட்கார்ந்திருப்பவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 18 கோடியே 92 லட்சம்! அந்த எண்ணைக் கேட்ட பிறகு வேறு எந்த சாட்சி காதில் ஏறும்?

* * *

அந்தப் பட்டைகள் எப்படி விழுகின்றன?

கதை இங்கே ஒரு நிமிடம் நிற்கட்டும். பின்னால் நடக்கும் சண்டை அத்தனையும் ஓர் எக்ஸ்ரே ஃபிலிமில் உள்ள கறுப்புப் பட்டைகளைப் பற்றியது. அவை எப்படி உண்டாகின்றன என்று தெரிந்தால்தான், வழக்கறிஞர்கள் எங்கே கைவைத்தார்கள் என்பது புரியும்.

கறையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். அதோடு ஒரு நொதியைச் சேர்த்தால், குறிப்பிட்ட அடையாளம் உள்ள இடங்களிலெல்லாம் அது அந்த நெடிய இழையை வெட்டிப்போடும். சில இடங்களில் விழும் துண்டுகளின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். இந்த வேறுபாட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

வெட்டிய துண்டுகளை ஜெல் பலகையின் ஓர் ஓரத்தில் விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். துண்டுகள் மறு ஓரத்தை நோக்கி நகரும். தேர்த் திருவிழா நெரிசலில் சின்னப் பிள்ளைகள் இடுக்கில் புகுந்து முன்னே போய்விட, பெரியவர்கள் பின்தங்குவதைப் போல, குட்டைத் துண்டு வெகுதூரம் போகும். நெட்டைத் துண்டு பின்னாலேயே நிற்கும்.

பிறகு அவற்றை நைலான் தாளுக்கு மாற்றி, கதிரியக்கம் ஏற்றிய வேறொரு டி.என்.ஏ. துண்டை அதன்மேல் விடுகிறார்கள். தனக்கு இணையானது எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். மேலே எக்ஸ்ரே ஃபிலிமை வைத்து மூடிக் காத்திருந்தால், ஒட்டிய இடங்கள் கறுப்புப் பட்டைகளாகப் பதியும்.

கடிகாரத்து ரத்தம் ஒரு வரிசை. தாயின் ரத்தம் பக்கத்து வரிசை. பட்டைகள் ஒரே மட்டத்தில் நின்றால் பொருத்தம்.

கேட்கும்போது எளிது. ஆனால் ஜெல் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஓடாது. கறை பழசானால் டி.என்.ஏ. சிதைந்திருக்கும். அளவு குறைந்தால் சில பட்டைகள் கண்ணுக்கே தெரியாமல் போகும். பாக்டீரியாவின் டி.என்.ஏ. கலந்தால் இல்லாத பட்டை முளைக்கும். இவற்றுக்கு நடுவே நின்று “பொருந்துகிறது” என்று சொல்வது ஒரு மனிதர். அவர் எந்த விதியை வைத்துச் சொல்கிறார் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

* * *

கேட்டவர்கள்

காஸ்ட்ரோ தரப்பு வழக்கறிஞர்கள் பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட். இருவரும் பிராங்க்ஸில் ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பில் வேலை பழகியவர்கள். ஷெக் அப்போது கார்டோசோ சட்டக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் மூலக்கூறு உயிரியல் தெரியாது. காஸ்ட்ரோ வழக்குக்காகப் படிக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த காரியங்களில் ஒன்றை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அறிக்கையோடு திருப்திப்படாமல் மூல ஃபிலிம்களைக் கேட்டார்கள். ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளைக் கேட்டார்கள். ஒரு தடய அறிவியல் அறிக்கை என்பது முடிவுரை. அதற்குப் பின்னால் இருப்பதுதான் சாட்சியம். இதை அன்றைக்கு வழக்கறிஞர்களில் மிகச் சிலரே உணர்ந்திருந்தார்கள்.

1988 நவம்பரில், லாங் ஐலண்டில் உள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் பான்பரி மையத்தில், டி.என்.ஏ.வும் தடய அறிவியலும் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. விஞ்ஞானிகள், வழக்கறிஞர்கள், நீதிபதிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அங்கே நியூஃபெல்ட் சந்தித்த ஆள், எரிக் லேண்டர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று மரபியலுக்கு வந்தவர். பின்னாளில் மனித மரபணுத் தொகுதியைப் படித்தெடுத்த பெருந்திட்டத்தின் தலைவர்களில் ஒருவர்.

நியூஃபெல்ட் காஸ்ட்ரோ வழக்கின் ஃபிலிம்களை அவரிடம் காட்டினார். லேண்டருக்கு இந்த வழக்கில் எந்த ஒட்டும் இல்லை. கூண்டேறும் ஆசையும் அப்போது இல்லை. ஆனால் கண்ணெதிரே இருந்த ஃபிலிம் அவரை விடவில்லை. வழக்கறிஞர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டவர், கடைசியில் தாமே சாட்சியாகிப் பல நாட்கள் கூண்டில் நின்றார்.

* * *

மூன்று பட்டையா, ஐந்து பட்டையா?

1989 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. இது கொலை விசாரணை அல்ல. டி.என்.ஏ. சாட்சியத்தை ஜூரியின் முன் வைக்கலாமா என்பதை மட்டும் முடிவுசெய்ய, ஜூரி இல்லாமல் நடந்த முன்விசாரணை. நீதிபதி ஜெரால்ட் ஷெய்ண்ட்லின். பன்னிரண்டு வாரம் சாட்சியம் கேட்டார். பதிவான பக்கங்கள் சுமார் 5,000.

அரசுத் தரப்பின் முதல் நிபுணர் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரின் மூலக்கூறு உயிரியலாளர். நான்கு ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு பெறப்போகிறவர். முறை சரியானது, அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டது என்று அவர் சாட்சி சொன்னார். அது முழு உண்மை. ஃப்ரை விதிப்படி பார்த்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கலாம்.

குறிப்பிட்ட ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் எல்லாம் மாறியது.

சோதித்த இடங்களில் ஒன்றில் தாயின் வரிசையில் மூன்று பட்டைகள். கடிகாரத்தின் வரிசையிலும் அந்த மூன்றும் இருந்தன. கூடவே இன்னும் இரண்டு. தாயிடம் இல்லாத இரண்டு.

மூன்றும் மூன்றும் பொருந்துகின்றன என்று லைஃப்கோட்ஸ் எழுதிவிட்டது. மிச்சம் இரண்டைப் பற்றி அறிக்கையில் பேச்சே இல்லை. கேட்டபோது, அவை மனித டி.என்.ஏ. அல்ல, ஏதோ மாசு என்று நிறுவனத்தின் விஞ்ஞானி விளக்கம் சொன்னார். எந்த மாசு? தெரியாது. மாசுதான் என்று நிரூபிக்கச் சோதனை செய்தீர்களா? இல்லை.

இதன் கனம் என்ன என்று யோசிக்க வேண்டும். அந்த இரண்டும் மனித ரத்தத்திலிருந்து வந்தவை என்றால், அது தாயின் ரத்தமே அல்ல என்று ஆகலாம். வேறொருவரின் ரத்தமும் கலந்திருக்கிறது என்றும் ஆகலாம். மாசு என்றால், பொருந்திய மூன்றில் எது மாசு, எது ரத்தம் என்ற கேள்வி எழும். பொருந்தும் பட்டையை ரத்தம் என்றும் பொருந்தாத பட்டையை அழுக்கு என்றும் பிரித்துக்கொண்டே போனால், எந்த இரண்டு மனிதரையும் பொருத்திவிடலாம்.

அடுத்தது, அளவு. இரண்டு பட்டைகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் வரை ஒன்று என்று கொள்ளலாம் என்பதற்கு லைஃப்கோட்ஸ் நிறுவனமே ஒரு வரம்பை வெளியிட்டிருந்தது: திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கு. காஸ்ட்ரோ வழக்கில், இரண்டு இடங்களில், வித்தியாசம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. தன் விதிப்படியே பொருந்தாதவற்றை அந்த நிறுவனம் கண்ணால் பார்த்துப் பொருத்தம் என்று முடிவு கட்டியிருந்தது.

இன்னொன்று. சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க, யாருடையது என்று தெரிந்த டி.என்.ஏ. ஒன்றையும் பக்கத்திலேயே ஓடவிடுவார்கள். ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமைத் தேடிய ஃபிலிமில் அந்த வரிசை வெறுமையாக இருந்தது. அது யாருடைய டி.என்.ஏ.? பெண்ணின் செல் வளர்ப்பிலிருந்து எடுத்தது என்று ஒரு சாட்சியம். இல்லை, எங்கள் ஆய்வுக்கூடத்து ஆண் விஞ்ஞானி ஒருவருடையது என்று பிறகு ஒரு சாட்சியம். அதுவும் நிலைக்கவில்லை. எழுதிவைத்திருக்க வேண்டிய ஒரு பெயரை நினைவிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

லேண்டர் நீதிபதிக்கு ஒரு விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். இதே முறையை மருத்துவத்தில் நோய் கண்டறியப் பயன்படுத்துகிறார்கள். அங்கே சிக்கல் வருவதில்லை. ஏன்? ரத்தம் வேண்டிய அளவு கிடைக்கும். சந்தேகம் வந்தால் நாளைக்கு மறுபடி எடுக்கலாம். பிள்ளையிடம் உள்ள பட்டை தாயிடமோ தந்தையிடமோ இருந்தாக வேண்டும் என்பதால், குடும்பமே ஒரு சரிபார்ப்பாக அமைந்துவிடும். கொலைக்களத்துக் கறைக்கு இந்த வசதி ஒன்றுமே கிடையாது. ஒரே துளி. சிதைந்தது. யாருடையது என்று தெரியாது. சோதனையில் தீர்ந்துபோனால் போனதுதான்.

ஆகவே, மருத்துவ ஆய்வுக்கூடத்தைவிடத் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்துக்குக் கடுமையான தரவிதி இருந்திருக்க வேண்டும். இருந்ததோ தலைகீழ். தொண்டைப்புண்ணுக்குக் கிருமி பார்க்கும் கூடத்துக்கு அமெரிக்காவில் விதிகள் இருந்தன. ஒருவரை மரண தண்டனைக்கு அனுப்பக்கூடிய சோதனையைச் செய்யும் கூடத்துக்கு இல்லை. அந்த ஜூனில் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் இந்த முரணை லேண்டர் உலகத்தின் முன்னால் வைத்தார்.

* * *

மே 11

இனி நடந்ததற்கு எனக்குத் தெரிந்த நீதிமன்ற வரலாற்றில் இணை கிடையாது.

லேண்டர் எழுதிய ஆய்வறிக்கை ராபர்ட்ஸின் கைக்குப் போனது. அவர் அரசுத் தரப்பு சாட்சி. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் படித்தார். தாம் முறையைப் பற்றித்தான் சாட்சி சொன்னோம், இந்த ஃபிலிமைப் பற்றி அல்ல என்பது அவருக்கு உறைத்தது.

வழக்கறிஞர்கள் வேண்டாம், விஞ்ஞானிகள் மட்டும் உட்கார்ந்து பேசுவோம் என்று அவர் யோசனை சொன்னார்.

1989 மே 11 அன்று, நியூயார்க்கில், இரு தரப்பிலும் சாட்சி சொன்ன நிபுணர்கள் சிலர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். எந்தத் தரப்பு அழைத்தது என்பதை ஒதுக்கிவிட்டு, ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஃபிலிம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

எழுந்தபோது இரண்டு பக்க அறிக்கை கையில் இருந்தது. சாரம் இது: இந்த வழக்கில் உள்ள தரவுகளைக் கொண்டு, இரண்டு மாதிரிகளும் பொருந்துகின்றன என்றோ பொருந்தவில்லை என்றோ சொல்ல முடியாது. ஓர் ஆய்விதழுக்கு இதை அனுப்பியிருந்தால் ஏற்றிருக்க மாட்டார்கள். தடய அறிவியலில் டி.என்.ஏ.வின் பயன்பாட்டை நாட்டின் அறிவியல் அகாதெமி ஆராய வேண்டும்.

அரசு வழக்கறிஞர் அந்தக் காகிதத்தை ஏற்கக் கூடாது என்று ஆட்சேபித்தார். கூண்டுக்கு வெளியே பேசிக்கொண்டது கேள்விச் சாட்சியம்தானே? சட்டப்படி அவர் சொன்னது சரியே. ஷெக்கும் நியூஃபெல்ட்டும் அதற்கும் வழி கண்டார்கள். அரசுத் தரப்பில் வந்த நிபுணர்களையே தங்கள் தரப்பு சாட்சிகளாக மறுபடி கூண்டேற்றினார்கள். முன்பு அரசுக்காகப் பேசியவர்கள், அதே நீதிபதியின் முன், இந்தச் சோதனை நிற்காது என்று சொன்னார்கள்.

ஒரு நிபுணருக்கு நீதிமன்றத்தில் எளிதான வேலை, தன்னை அழைத்தவர் பக்கமே நிற்பது. எதிர்த்தரப்பின் அறிக்கையைப் படித்துப் பார்க்கும் பொறுமையும், படித்த பின் எழுந்து போகாத நேர்மையும் ராபர்ட்ஸுக்கு இருந்தன. அவருக்குக் கிடைத்த நோபல் வேறொரு கண்டுபிடிப்புக்காக. ஆனால் இந்தத் தொடரை எழுதும் எனக்கு அவர் பெயர் இந்த மே மாதத்துக்காகத்தான் நினைவில் நிற்கிறது.

* * *

மூன்றாவது கேள்வி

1989 ஆகஸ்ட் 14. ஷெய்ண்ட்லின் தீர்ப்பு சொன்னார். ஃப்ரை விதியை அவர் கைவிடவில்லை. ஆனால் அதை மூன்று கேள்விகளாக விரித்தார்.

டி.என்.ஏ.வால் நம்பத்தக்க முடிவு தர முடியும் என்ற கோட்பாடு பொதுவாக ஏற்கப்பட்டதா? ஆம். அந்த முடிவைத் தரும் நுட்பங்கள் இன்று உள்ளனவா? ஆம். இந்த ஆய்வுக்கூடம், இந்த வழக்கில், இந்த மாதிரியில், அந்த நுட்பங்களை ஒழுங்காகச் செய்ததா?

அந்த மூன்றாவது கேள்விதான் திருப்பம். அதுவரை ஒரு முறையை ஒருதடவை ஏற்றுக்கொண்டால் அதன் பெயரில் வரும் எல்லா அறிக்கையும் உள்ளே வந்துவிடும். மிச்சம் ஜூரியின் பாடு. இனி முறை சரியாக இருந்தாலும் போதாது. செய்த கை சரியாகச் செய்ததா என்பதையும் ஜூரியின் முன் போவதற்கு முன்பே காட்ட வேண்டும்.

லைஃப்கோட்ஸின் சோதனை அந்த மூன்றாவது கேள்வியில் விழுந்தது. நீதிபதி நுணுக்கமாக ஒரு கோடு போட்டார். கடிகாரத்து ரத்தம் காஸ்ட்ரோவுடையது அல்ல என்று சொல்லும் அளவுக்குச் சோதனையை நம்பலாம். அதைச் சாட்சியமாக ஏற்கலாம். அது இறந்த பெண்ணுடையது என்று சொல்வதற்குப் போதாது. அதை ஏற்க முடியாது. பொருந்தவில்லை என்று சொல்ல ஒரு தெளிவான வேறுபாடு போதும். பொருந்துகிறது என்று சொல்ல எல்லாமே ஒழுங்காக இருக்க வேண்டும்.

இனி வரும் வழக்குகளுக்கும் அவர் ஒரு நடைமுறை வகுத்தார். ஃபிலிம்களின் பிரதி, ஆய்வுக்கூடக் குறிப்பேடு, தரச் சோதனைப் பதிவுகள், எண்ணிக்கைக் கணக்கு எதிலிருந்து வந்தது என்ற விவரம், மாசு நேர்ந்திருந்தால் அதன் குறிப்பு எல்லாவற்றையும் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும். ஷெக்கும் நியூஃபெல்ட்டும் போராடிக் கேட்டு வாங்கியவை இனி கேட்காமலே வர வேண்டியவை ஆயின.

நம் ஊர் வழக்கறிஞர்கள் இந்தப் பட்டியலை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பேன். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு நிபுணர் கருத்தை ஏற்றது. இன்றைய புதிய சட்டத்தில் அது 39-ஆம் பிரிவு. ஃப்ரை போன்ற ஒரு வடிகட்டி அதில் இல்லை. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அரசு விஞ்ஞானிகளின் அறிக்கையை அவர்களைக் கூண்டேற்றாமலே சாட்சியமாகக் கொள்ளலாம். ஆகவே அழைத்துக் கேட்பது வழக்கறிஞரின் கையில்தான் இருக்கிறது. 2025 ஜூலையில், தேனி மாவட்டம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகள் கை மாறிய விதத்தில் இருந்த ஓட்டைகளை எடுத்துக்காட்டி, அவற்றை 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும், எடுத்த நிமிடம் முதல் யார் கையில் இருந்தது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. பிராங்க்ஸில் அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்விகள்.

* * *

காஸ்ட்ரோ வாய் திறந்தார்

டி.என்.ஏ. பொருத்தம் போய்விட்டது. ஆனாலும் வழக்கு ஜூரிக்குப் போகவில்லை. 1989 முடிவதற்குள் காஸ்ட்ரோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். கடிகாரத்தில் இருந்தது யாருடைய ரத்தம் என்பதையும் சொன்னார்.

அந்தத் தாயின் ரத்தம்.

லைஃப்கோட்ஸ் சொன்ன விடை சரி!

அப்படியானால் இரண்டு வழக்கறிஞர்களும் நோபல் விஞ்ஞானியும் ஐந்தாயிரம் பக்கமும் வீணா? அப்போதே பலர் அப்படிப் பேசினார்கள். இன்றும் இந்த வழக்கைச் சொல்லும்போது இந்த இடத்தில் கேட்பவர் முகம் மாறும்.

நான் அப்படி நினைக்கவில்லை. வல்ஹாலாவில் ஃபிலிமைப் பார்த்தவருக்கு, அது தாயின் ரத்தம் என்று சொல்ல அந்த ஃபிலிமில் போதிய ஆதாரம் இல்லை. காஸ்ட்ரோ குற்றவாளியாக இருந்ததால் விடை பொருந்திற்று. இதே கண்ணளவும் இதே ‘மாசு’ விளக்கமும் அடுத்த மாதம், வேறொரு கடிகாரத்தில், ஒரு நிரபராதியின் மேல் விழுந்திருந்தால் அதே நம்பிக்கையோடு அதே அறிக்கை வந்திருக்கும். அங்கே ஒப்புக்கொள்ள அவரிடம் ஒன்றும் இருக்காது.

ஷெக்கும் நியூஃபெல்ட்டும் இந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொண்டது டி.என்.ஏ. மேல் சந்தேகத்தை அல்ல. ஒழுங்காகச் செய்தால் இந்தச் சோதனை எவ்வளவு வலிமையானது என்பதை அவர்கள்தான் உள்ளே புகுந்து பார்த்திருந்தார்கள். 1992-இல் கார்டோசோ சட்டக் கல்லூரியில் ‘இன்னொசென்ஸ் புராஜெக்ட்’டைத் தொடங்கினார்கள். தவறாகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தவர்களை அதே டி.என்.ஏ.வைக் கொண்டு வெளியே கொண்டுவரும் வேலை அது. அந்தக் கதைகள் இந்தத் தொடரில் தனியாக வரும்.

* * *

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பிராங்க்ஸில் நடந்த சண்டை பெரும்பாலும் பட்டைகளைப் பற்றியது. 18 கோடியே 92 லட்சம் என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை லேண்டர் தொட்டார். முடிவுகட்ட அந்த வழக்கில் இடம் வரவில்லை.

பட்டைகள் அப்பழுக்கில்லாமல் பொருந்துகின்றன என்றே வைத்துக்கொள்வோம். அதே பட்டைகள் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கும் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். யாரை எண்ணுவது? வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் என்று ஆய்வுக்கூடங்கள் மக்களைப் பெரும் கூட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டன. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவரும் மெக்ஸிகோவிலிருந்து வந்தவரும் ஒரே கூட்டமா? தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகத்துக்கு அந்தப் பெருக்கல் செல்லுமா?

1990 கோடையில், ஒஹாயோ மாநிலம் டொலீடோவில், இந்தக் கேள்வியின் முன் எஃப்.பி.ஐ.யின் சொந்த ஆய்வுக்கூடமே நிற்க வேண்டி வந்தது. எதிரே ஹார்வர்டின் மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின். பட்டை பொருந்தியது என்பதோடு நில்லாமல், எத்தனை கோடியில் ஒருவர் என்று ஜூரியிடம் சொல்லும் உரிமை அந்த ஆய்வுக்கூடத்துக்கு இருந்ததா?

(தொடரும்)